அண்ணி ஒட்டாத ஸ்டிக்கர்

எங்கள் அண்ணியின் வாய்தான் அந்தப் பெரிய கடையின் இறைச்சிப் பகுதியை இழுத்து மூடியது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். முடிவெட்டும் கடையில் சொல்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் சொல்கிறார்கள். நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தே சொல்கிறார்கள். வருஷக்கணக்காக இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, சரி. ஆனால் நடந்தது என்னவோ அதைச் சொல்ல ஒருத்தனாவது வேண்டாமா? அந்தக் கடைக்குக் குளிர்வண்டியில் மாட்டிறைச்சி ஏற்றி வந்தவன் நான். எல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

அண்ணி வாயைத் திறக்கவே இல்லை.

இதை ஒரு தடவை கத்தியிடம் சொன்னேன். கத்தி என்பது அந்தக் கடையில் இறைச்சியைத் துண்டு போட்ட ஆளின் பட்டப்பெயர். இறைச்சிப் பகுதி மூடியதில் அவனுக்கும் வேலை போனது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஓ, வாயே திறக்கலையா? அதானே. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றான். பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். இவர்களிடம் என்ன நியாயம் கேட்க?

அண்ணி என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. இந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர் என்பது வந்த வாரமே தெரிந்துவிட்டது. லிஃப்ட் பாதியில் நின்றுவிடும் என்று பயம். குக்கர் வெடித்துவிடும் என்று பயம். விசில் வரும் நேரமாகப் பார்த்து வாசலுக்குப் போய்விடுவார். தொலைபேசி மணி அடித்தால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று முடிவே கட்டிவிடுவார். ரோட்டைக் கடக்கும்போது என் சட்டையைப் பிடித்துக்கொள்வார். சட்டை கிழிந்தாலும் விடமாட்டார், கிழிந்தும் இருக்கிறது.

அண்ணன் கேலி செய்வார். "உன்னைப் பெத்தப்போ இடி விழுந்துச்சா, இல்ல இடி மேலயே பெத்துப் போட்டாங்களா?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. ஏதாவது ஆச்சுன்னா முதல்ல ஓடுறவ நான்தான். நீங்க ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டு முழிக்கப் போறீங்க" என்பார் அண்ணி.

அண்ணன் அந்தக் கடையின் குளிர் அறையில் சுமை தூக்கினார். ஒரு நாள் முழுத் தொடையைத் தோளில் வைத்துக்கொண்டு ஈரத்தில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பு போய்விட்டது. அதற்கப்புறம் கட்டில்தான். கடைக்காரர்கள் அண்ணனின் இடத்தில் அண்ணிக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்து, கடைக்கு மேலேயே இரண்டு அறையும் கொடுத்தார்கள். இரக்கப்பட்டுக் கொடுத்தார்களா, வழக்குப் போடாமல் இருக்கக் கொடுத்தார்களா என்று நான் துருவவில்லை. கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த வேலை இருக்கும் வரைக்கும் அந்த வீடு. அந்த வீடு இருக்கும் வரைக்கும் அண்ணனுக்குப் படுக்க இடம்.

கீழே குளிர் அறை, மேலே குடித்தனம். குளிர் அறை இயந்திரத்தின் உறுமல் தரை வழியாக ஏறி வரும். குடத்தைத் தரையில் வைத்தால் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். "பாரு தம்பி, என்கூட சேர்ந்து தண்ணியும் பயந்தாங்கொள்ளி ஆயிடுச்சு" என்று அண்ணி காட்டுவார். கடையில் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் நடுக்கம்தான். "நடுக்கம், அந்தத் தட்டை எடு", "நடுக்கம், சாப்பிடப் போகலையா" என்று கூப்பிட்டால் என்ன என்று கேட்பார்; கோபித்துக்கொண்டது கிடையாது.

வேலை பொட்டலம் கட்டுவது. கண்ணாடிச் சுவருக்கு உள்ளே ஒரு குளிர்ந்த அறை. வாங்க வருகிறவர்கள் வெளியிலிருந்து பார்க்கலாம். கத்தி ரம்பத்தில் வைத்துத் துண்டு போடுவான். அண்ணி துண்டை வெள்ளைத் தட்டில் வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துச் சுற்றி, எடை போட்டு, எடைச் சீட்டை ஒட்டி அடுக்குவார். நம்பர் ஏழு என்பது அவருடைய அடையாளம்.

அந்த வேலையில் அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வைப்பார். வெட்டின பக்கத்தில் சிவப்புக்குள்ளே வெள்ளையாகக் கொழுப்பு ஓடும் இல்லையா, அதற்கு முகம் என்று பேர் வைத்திருந்தார். முகம் மேலே தெரிகிற மாதிரி வைத்தால்தான் தட்டு நிறைந்த மாதிரி இருக்குமாம்.

"அடுத்தடுத்த துண்டு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும் தம்பி. வேற மாடு வந்துச்சுன்னா வேற குடும்பம். ஒண்ணு பரந்த முகம், ஒண்ணு சிடுமூஞ்சி. பொழுது போயிடும்."

"செத்த மாட்டுல முகம் தேடுறது உங்களுக்குப் பயமா இல்லையா?"

"உசிரோட இருக்கிற மாட்டுக்குத்தான் பயம். இது முட்டாதே."

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் கடைக்கு இறைச்சி கொடுக்கும் பண்ணை, குளோனிங்கில் உண்டாக்கின மாடுகளை வாங்கியிருக்கிறது என்று. ஒரு நல்ல மாட்டின் காதிலிருந்து இத்தனூண்டு சதையை எடுத்து, அதிலிருந்து அதே மாட்டை இன்னொன்றாக, மறுபடியும் இன்னொன்றாக உண்டாக்கிக்கொள்வார்களாம். தெருவில் அதற்கு நகல் மாடு என்று பேர் விழுந்தது. தின்றால் கெடுதல் இல்லை என்று படித்தவர்கள் சிலர் சொன்னார்கள். இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்று வேறு சிலர் சொன்னார்கள். எது சரி என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. வாங்குகிறவர்கள் வேண்டாம் என்றார்கள். அது மட்டும் தெரியும்.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஒரு நல்ல கன்று உயிரோடு பிழைக்க எத்தனை கன்று செத்துப் பிறக்கிறதோ என்று ஒருத்தர் வருத்தப்பட்டார். பெற்றவள் ஒருத்தி, "என் பிள்ளை தட்டுல வைக்கிறதை நான் தெரிஞ்சுதான் வைப்பேன். தெரியாம வைக்க அது என்ன பூனையா?" என்றாள். நிறையப் பேருக்குக் காரணமே சொல்லத் தெரியவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு, "என்னமோ ஒப்பலை" என்றார்கள். ஒப்பாததை எப்படித் தின்பது?

இவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி நின்றவர் தையல்கடை நடத்தி ஓய்ந்த ஓர் அம்மா. சோடாபுட்டி போலக் கண்ணாடி போட்டிருப்பார்; அதனால் கண்ணாடி அம்மா. சண்டை போடமாட்டார், கோஷம் கிடையாது. கடையின் கூடை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறைச்சிப் பகுதி வரை வருவார். ஒன்றும் எடுக்கமாட்டார். அந்தக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அவரைப் பார்த்து இன்னொருத்தர், அப்புறம் இன்னொருத்தர். வரிசையாகக் கவிழ்த்த கூடைகளைப் பார்த்தால் கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கும். உள்ளே கறி கறுத்துக்கொண்டே போகும்.

மேனேஜர் வெளியே வந்து கையைப் பிசைந்தார். "அம்மா, சட்டப்படி நாங்க இதையெல்லாம் பாக்கெட் மேல எழுத வேண்டியதே இல்லை."

"சட்டப்படி நாங்களும் இதையெல்லாம் வாங்க வேண்டியதே இல்லைப்பா" என்றார் கண்ணாடி அம்மா.

கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் அச்சடித்து வந்தது. 'நகல் மாட்டு இறைச்சி அல்ல.' அதற்குக் கீழே பொட்டலம் கட்டினவரின் நம்பர். அதையும் ஜனங்கள் லேசில் நம்பவில்லை. கண்ணாடி அம்மா ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிச் சுவரில் மூக்கு படுகிற மாதிரி நின்று உள்ளே பார்த்தார். அந்த நேரம் பார்த்து அண்ணியின் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டு விழுந்தது. அண்ணி துள்ளி, நெஞ்சில் கைவைத்து, சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

கண்ணாடி அம்மா சிரித்துவிட்டார். "இந்தப் பொண்ணோட நம்பர் என்ன?"

"ஏழு" என்றார் மேனேஜர்.

"அப்ப ஏழு ஒட்டினா நான் வாங்கறேன். ஒரு தட்டு விழுந்ததுக்கே உசிரு போகுது. இதெல்லாம் எங்கே பொய் சொல்லப் போகுது?"

அன்றிலிருந்து எல்லாரும் பொட்டலத்தைத் திருப்பி ஏழைத் தேடினார்கள். ஏழு இருந்தால் கூடைக்குள், இல்லையென்றால் இருந்த இடத்துக்கு. மேனேஜர் பச்சை ஸ்டிக்கர் வேலை முழுவதையும் அண்ணியிடமே கொடுத்துவிட்டார். "நாங்க வருஷக்கணக்கா கத்தி பிடிச்சோம், ஒருத்தன் மதிக்கலை. இவ நடுங்கினதுக்கு மவுசு வந்துடுச்சு" என்று கத்தி பொருமினான்.

மாடியில் அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "தம்பி, அவங்க என்னை நம்பி வாங்கறாங்களாம்."

"நம்பினா நல்லதுதானே அண்ணி."

"என்ன நல்லது? நம்பாம வாங்கினா அவங்க பாடு. நம்பி வாங்கினா என் தலையில இல்ல விடியுது?"

சில வாரம் நல்லபடியாகப் போனது. அப்புறம் ஒரு காலை நான் இறக்கி வைத்த சுமையைக் கத்தி அறுக்க, அண்ணி துண்டைத் திருப்பிப் பார்த்தார். வலது ஓரத்தில் வெள்ளைக் கோடு கொக்கி மாதிரி வளைந்து, நடுவில் இரண்டாகப் பிரிந்து ஓடியது. தட்டில் வைத்தார். அடுத்த மாட்டின் தொடையைக் கத்தி எடுத்தான். அதிலும் அந்தக் கொக்கி. கொஞ்சம் பெரிது, ஆனால் அதே கொக்கி. அதற்கடுத்த மாட்டிலும் அது இருந்தது.

"ஒரே மாட்டையா அறுக்கறீங்க?" என்று கேட்டார்.

"ஒரு மாட்டுக்கு எத்தனை தொடைன்னு நினைச்சே நடுக்கம்? நீ என்ன, கணக்குலயும் நடுங்குவியா?" என்றான் கத்தி.

அண்ணி தட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். எல்லாம் வேறு வேறு மாடு. எல்லாம் ஒரே குடும்பம். அவர் மேலே வந்து அதைச் சொன்னபோது கையைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தார். "என்னையே பாக்குற மாதிரி இருக்கு தம்பி. ஒண்ணை அனுப்பினா அதுவே திரும்பி வந்து உக்காந்துக்குது."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அண்ணி."

"பேயா இருந்தாலும் பரவாயில்ல. பேய் மேல ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாமே" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "நீ ஏத்தப் போற இடத்துக்கு என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார்.

என் வண்டிக்கே பயப்படுகிறவர் அவர். போகிற வழியில் ஒரு நீளப் பாலம் வேறு. ஆனாலும் அவருடைய விடுமுறை நாளில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பாலம் வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"முடிஞ்சுதா?"

"இல்ல."

"இப்ப?"

"அண்ணி, நீங்க கேக்கறதால பாலம் சுருங்காது."

பண்ணைக்குள் வழக்கமாக நான் வண்டியைப் பின்பக்கமாக ஏற்றுமேடைக்கு விட்டுவிட்டு உள்ளேயே தூங்குகிறவன். சுற்றிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அண்ணிக்காக இறங்கினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் கம்பிவேலி. அதற்குள் செம்பழுப்பு மாடுகள் நின்றன. எல்லாவற்றுக்கும் இடது கொம்பு கொஞ்சம் உள்ளே வளைந்திருந்தது. நான் வண்டிக் கதவை அடித்துச் சாத்தினேன். அத்தனை தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து எங்களைப் பார்த்தன.

மாட்டுக் கூட்டம் அப்படிப் பார்க்காது. ஒன்று பார்க்கும், ஒன்று அசைபோடும், ஒன்று பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். இவை ஒரே கயிற்றில் தலையைக் கட்டி இழுத்த மாதிரி நிமிர்ந்தன. எனக்கு முதுகுத்தண்டில் சில்லென்றது. மழை என்று சொல்லிக்கொண்டேன். அண்ணி என் சட்டையைப் பிடித்திருந்தார்.

வாசல் காவலாளி குடையோடு வந்தார். "என்னம்மா, மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

"எல்லாம் ஒரே ஜாடையா இருக்கேண்ணே" என்றார் அண்ணி.

"இருக்காதா பின்ன? அப்பன் அத்தனையும் ஒரு காளையோட நகல். ஆத்தா அத்தனையும் ஒரு பசுவோட நகல். பொறந்தது வேற எப்படி இருக்கும்?" மறைக்கிற விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. மழை பெய்கிறது என்கிற மாதிரிச் சொன்னார்.

"நீங்க இதைச் சாப்பிடுவீங்களா?"

"அய்ய, நான் எதையும் தின்பேன். என் சம்சாரம்தான் ஒத்துக்க மாட்டா. பக்கத்து ஊர்ல ஒரு பெரிய கடை இருக்குல்ல, அங்க ஏழாம் நம்பர் ஒட்டினது மட்டும்தான் வாங்குவா. அந்தப் பொம்பளை ரொம்பப் பயந்த சுபாவமாம், பொய் சொல்லாதாம்."

என் சட்டையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. அண்ணி ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறிக்கொண்டார். திரும்பும்போது பாலத்தில் கண்ணை மூடவில்லை. முழுப் பாலத்துக்கும் நேரே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் மேனேஜர் அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என் முதுகுக்குப் பின்னால் நின்றார். பண்ணையில் பார்த்ததை நான் சொன்னேன். மேனேஜர் கெட்ட மனுஷன் இல்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா. அது நகல் மாடு இல்ல. நகல் மாட்டோட கன்னு. ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்கு? நகல் மாட்டு இறைச்சி அல்ல. அல்லதானே? இதுல பொய் எங்க இருக்கு?"

முதுகுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "அப்ப அதையே எழுதிடலாமே சார். நகலோட கன்னுன்னு."

"எழுதினா யாரும்மா வாங்குவாங்க?"

"அதான் சார்" என்றார் அண்ணி.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "மேலிடத்துல இதைப் பேசினா என் சீட்டு கிழியும். உனக்கு வேலை போனா மாடி வீடும் போகும். படுத்திருக்கிறவரைத் தூக்கிக்கிட்டு எங்க போவே? வாங்க வர்றவங்ககிட்ட இதைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது. சொல்லு, திறக்க மாட்டேன்னு."

"திறக்க மாட்டேன் சார்."

மேனேஜரின் கையில் இருந்த பேனா மேசைக் கண்ணாடியில் கடகடவென்று தட்டியது. அந்த அறையில் பயப்படாதவர் ஒருத்தரும் இல்லை.

மேலே வந்து அண்ணனிடம் சொன்னோம். அண்ணன் கூரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "இந்தப் படிக்கட்டு குறுகல். கட்டிலைக் கழட்டித்தான் இறக்கணும். ஸ்குரூ எல்லாம் துருப்பிடிச்சிருக்கும். இப்பவே எண்ணெய் விட்டு வைடா" என்றார்.

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் நான் சுமையை இறக்கிவிட்டு அந்தக் கண்ணாடி அறைக்குள்ளேயே ஓரமாக நின்றேன். அண்ணி வழக்கம்போலத் துண்டை முகம் பார்த்து வைத்தார், தாள் சுற்றினார், எடைச் சீட்டு ஒட்டினார். கை ஆடின ஆட்டத்தில் தாள் சுருங்கிச் சுருங்கிப் போனது. பிரித்து மறுபடி சுற்றினார். பச்சை ஸ்டிக்கர் உருளை மேசையில் இருந்தபடியே இருந்தது. அதை மட்டும் தொடவில்லை. தட்டுகள் அப்படியே வெளியே அடுக்குக்குப் போயின.

கண்ணாடி அம்மா வந்தார். ஒரு பொட்டலத்தை எடுத்துத் திருப்பினார். இன்னொன்று. அப்புறம் கண்ணாடிச் சுவர் அருகே வந்து, "ஏம்மா, ஒட்ட மறந்துட்டியா?" என்று கேட்டார். உள்ளே சத்தம் கேட்காது. உதடு அசைவது தெரியும். அண்ணி தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை. குனிந்த தலை நிமிராமல் அடுத்த துண்டைத் தட்டில் வைத்தார். கண்ணிலிருந்து சொட்டுவது கறியில் விழக்கூடாது என்று முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

கண்ணாடி அம்மா சுவரை விட்டுத் திரும்பினார். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்தார். கூடையைக் கவிழ்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் கூடையைக் கவிழ்த்தாள்.

மேனேஜர் ஓடி வந்தார். வேறு ஒருத்தியை வைத்துப் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிப் பார்த்தார்கள். அதில் ஏழு இல்லை, யாரும் தொடவில்லை. ஏழைப் போட்டு ஒட்டலாம் என்றால், ஏழு கண்ணாடிக்குள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பது எல்லாருக்கும் தெரிகிறது. நடுங்குகிறவரின் நம்பரைக் காட்டி விற்றவர்கள் அவர்கள்தானே? நடுக்கம் எந்தப் பக்கம் சாயும் என்று யோசிக்கவில்லை.

கத்தி உள்ளே வந்து கத்தினான். "ஒட்டித் தொலையேன். என் வீட்டுலயும் அடுப்பு எரிய வேண்டாமா?"

"பயமா இருக்குண்ணே."

"என்ன பயம் உனக்கு? மேனேஜருக்கா, வேலை போயிடும்னா?"

"ஒட்டறதுக்கு" என்றார் அண்ணி.

அவ்வளவுதான் அவர் பேசியது. அதுவும் உள்ளே, கத்தியிடம். வெளியே ஒரு ஆளிடம் ஒரு சொல் சொன்னதில்லை. மேனேஜருக்குக் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினார்.

அண்ணியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதற்கப்புறமும் கறி விற்கவில்லை. சீக்கிரமே இறைச்சிப் பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாத்திரம், பக்கெட் அடுக்கினார்கள். குளிர் அறை இயந்திரத்தை நிறுத்தினபோது நாங்கள் மாடியில் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். உறுமல் நின்றது. குடத்துத் தண்ணீர் அசையாமல் நின்றது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டு, "இப்ப நான் மட்டும்தான்" என்றார். கட்டிலின் ஸ்குரூக்கள் எண்ணெய் விட்டிருந்ததால் சுலபமாகக் கழன்றன.

என் வீட்டுக்குப் பக்கத்தில் துணி வெளுத்துக் கொடுக்கும் கடைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. அண்ணிக்கு அங்கேயே துணி மடிக்கும் வேலை. வேலை போனவர்களின் வீட்டுப் பெண்கள் எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போவார்கள். ஒரு தடவை சன்னலில் கல் விழுந்தது. அதற்கப்புறம் யார் கதவைத் தட்டினாலும் அண்ணி அண்ணனின் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றுகொள்வார், கையில் கரண்டியோடு. கரண்டி ஆடிக்கொண்டே இருக்கும். முதலில் ஓடுகிறவள் நான்தான் என்று சொன்னவர்.

கண்ணாடி அம்மா ஒரு நாள் தேடிக்கொண்டு வந்தார். ஏதோ கூட்டத்தில் அண்ணியை மேடையேற்றிப் பேச வைக்க வேண்டுமாம். அண்ணி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். நான் வாசலில் நின்று, "வீட்டுல இல்லைங்க" என்றேன். உள்ளே குழாய்த் தண்ணீர் சடசடவென்று கொட்டியது.

கண்ணாடி அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். "சரிப்பா. வீட்டுல இல்லாதவங்ககிட்ட சொல்லிடு, நான் கும்பிட்டுட்டுப் போனேன்னு."

அண்ணன் படுத்த படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் அண்ணி ரொம்ப வருஷம் தனியாகத்தான் இருந்தார். கடைசியில் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடனே ஊர் ஆரம்பித்தது, அந்த நகல் கறியைத் தின்றதால்தான் என்று. அவர் அந்தக் கறியைத் தொட்டதோடு சரி, தின்றதில்லை. டாக்டரும் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வதுதானே இத்தனைக்கும் காரணம்.

நீளமான வார்டு. மத்தியான நேரம். தள்ளுவண்டியில் சாப்பாடு வந்தது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு தட்டு, ஒரு கிண்ணத்தில் கறி சூப். பக்கத்துக் கட்டிலில் ஓர் இளம்பெண் தன் அம்மாவுக்கு ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி கிண்ணத்தைக் கையில் எடுத்தார். சூப் வட்டம் வட்டமாக நடுங்கியது. குடிக்கவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணையே பார்த்தார்.

"கொஞ்சமாவது குடிங்க அண்ணி" என்றேன்.

"தம்பி, இந்தக் கறி எங்கிருந்து வருதுன்னு கேட்டுட்டு வர்றியா?"

"இந்த நிலைமையில இது எதுக்கு?"

"எனக்குன்னா விடு. அந்தப் பொண்ணு பாரு, எவ்வளவு நம்பி ஊட்டுது." மூச்சு வாங்கியது. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை. "எனக்குக் கேக்கப் பயம். எப்பவுமே பயம்தான். உனக்குத்தான் பயம் கிடையாதே."

எனக்கு அந்த நேரத்தில் இருந்த பயம் அவருக்குத் தெரியாது. விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு எழுந்தேன். வார்டு வாசலுக்குப் போவதற்குள் மறுபடியும் கூப்பிட்டார். திரும்பி வந்து குனிந்தேன். அண்ணி என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்.

"போய்ச் சத்தம் போடாத. சமைக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது, பாவம். தெரியாதுன்னு சொன்னா, யார்கிட்ட கேக்கணும்னு கேளு."